முத்து முத்தான சோளம்

'செப்டம்பர் 9. மூட்டையில் குத்தி மாதிரியை நானே எடுத்திருக்க வேண்டும். மேனேஜர் கொண்டுவந்து கொடுத்த பையை வாங்கிக்கொண்டேன். என் தவறு.'

நோட்டில் எழுதிவிட்டு, சோதனைக்கூட உதவியாளர் முடிவுத்தாளை மேனேஜரிடம் நீட்டினாள். குழந்தைகளுக்கான சத்துமாவு ஆலைக்குக் குடோனிலிருந்து சோளம் ஏற்றிய லாரி, அவள் கையெழுத்துக்காக வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"பூஞ்சை நச்சு, அனுமதிச்ச அளவைப்போல நாலு மடங்கு இருக்கு சார்."

"சாயங்கால கிளாஸ்ல நாலு எழுத்து படிச்சதும் கண்ணு அவிஞ்சு போச்சா? முத்து முத்தா இருக்கு பாரும்மா!"

"நச்சு கண்ணுக்குத் தெரியாது சார். கல்லீரலுக்குத்தான் தெரியும்."

"உன் மெஷின் பொய் சொல்லுது."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். குடோன் சோளம் கெட்டுப்போச்சு."

"குடோன் குப்பையை உன்கிட்ட கொடுக்க நான் என்ன முட்டாளா? இது எங்க வீட்டுல ஆறு மாசமா தினம் அரைச்சுச் சாப்பிடுறது!"

வாழ்க்கையில் முதல்முறையாக மேனேஜர் வாயிலிருந்து உண்மை வந்திருந்தது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா... கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம் சார்."

டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் எழுதினாள்:

'நாளை காலை எட்டு மணி: லாரியிலுள்ள மூட்டைகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் அடிவரை குத்தி மாதிரி எடுக்க வேண்டும்.'