அரைஞாண் வீடு

மாப்பிள்ளையின் அப்பா வாசற்படி ஏறவில்லை. "உள்ளார வாங்க பாய்" என்று கரீம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும், "இருக்கட்டுங்க, காத்தாட நிக்கறேன்" என்று வெளியிலேயே நின்றுவிட்டார் அதாவுல்லா.

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற கரீமின் மனைவி குல்ஷன் திரை ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெண் பார்க்க வரும் வீட்டு ஆண்களுக்குச் சம்மதம் என்றால் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார்கள். இஷ்டமில்லை என்றால் வாசலோடு சரி. அவர்கள் பக்கத்தில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

மகள் வஜிஹாவுக்கு இது மூன்றாவது இடம். முந்தைய இரண்டு இடத்துக்காரர்களும் பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்து, வீட்டைப் பார்த்து முகம் சுருங்கிப் போனவர்கள்தான்.

வீடு அப்படி. ஓசூரில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எல்லாம் தேக்கு உத்திரத்தின் மேல் கனத்த செங்கல் தளம் போட்டு மெத்தை வீடு கட்டிக்கொண்டிருக்க, பட்டாளத்துக் கட்டட இலாகாவில் ஓவர்சியராக இருந்து வந்த கரீம் தகரக் கூரை போட்டார். போதாததற்குக் கதவு நிலைக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை. அந்தப் பட்டைக்கு வேண்டிய கம்பிக்கும் சிமெண்டுக்கும் பர்மிட் கேட்டுச் சேலத்துக்கு நடையாய் நடந்தார். ஊர் அதற்கு அரைஞாண் வீடு என்று பெயர் வைத்துவிட்டது.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால் பூகம்பம் என்பார். முப்பத்தஞ்சாம் வருஷம் வடமேற்கு எல்லைப் பக்கம் வேலையில் இருந்தபோது, ஒரே ஆட்டத்தில் ஒரு ஊர் முழுக்கத் தரைமட்டமானதைப் பார்த்தவர் அவர். கூடப் பிறந்த அண்ணனை அங்கேயே மண்ணோடு மண்ணாக விட்டு வந்தவர். அந்த ஊரின் பெயரைக் கட்டிய மனைவியிடம்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீடு கட்டுவதற்கு முன்னால் செங்கல் துண்டுகளால் இரண்டு பொம்மை வீடு கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, பேரிகை ஊருக்குப் போகும் ரோட்டின் மேடு பள்ளத்தில் வண்டியை விரட்டச் சொன்னார். பட்டை கட்டியது நிற்கிறது, கட்டாதது சரிகிறது என்று தெருவையே கூட்டிக் காட்டினார். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த தெரு இன்னும் நிறுத்தவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் பூகம்பத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க. எம் பொண்ணு வாழணும்" என்று காலையிலேயே குல்ஷன் கெஞ்சியிருந்தாள். அவரும் தலையை ஆட்டியிருந்தார்.

வெயில் ஏறியது. பக்கத்து மெத்தை வீட்டுச் சுவர் நிழலில் கரீம் நாற்காலி போட்டார். அதாவுல்லா அதைத் தூக்கிக்கொண்டு போய், நட்டநடு வெட்டவெளியில், சுள்ளென்ற வெயிலில் போட்டு உட்கார்ந்தார். இதென்ன வீம்பு என்று குல்ஷன் பல்லைக் கடித்தாள்.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வஜிஹாவின் கையை விடவே இல்லை. "எனக்குப் புடிச்சுப் போச்சுக்கா. ஆனா அவரு ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவரு எங்க போனாலும் இப்படித்தாங்க்கா. உள்ளார வரவே மாட்டாரு" என்றாள்.

இன்னும் எத்தனை வீட்டுப் பெண்களை இந்த மனிதர் வாசலிலேயே கழித்துக் கட்டினாரோ! குல்ஷனுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் போயிற்று.

வெளியே அதாவுல்லா எழுந்து வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் சுவரைத் தட்டினார், மூலையைத் தடவினார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தப் பட்டையில கம்பி மூலையோட நின்னுடுதா, திரும்பிப் போவுதா?"

போச்சு! போன தடவை வந்தவர்களும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். கடைசியில், பூகம்பம் வந்தால் தந்தி அடியுங்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் வேண்டாம் என்று திரைக்குள்ளிருந்து குல்ஷன் கையை ஆட்டினாள். கரீம் எங்கே பார்த்தார்?

"திரும்பி ரெண்டு முழம் போவுதுங்க. மூலை பிரிஞ்சாத்தான சுவரு சாயும்? நாலு சுவரும் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும். மேல தகரம், கனமே இல்லீங்க. அதுவே விழுந்தாலும் ஆளு பொழச்சிக்குவான்."

அதாவுல்லா குனிந்து செருப்பு வாரில் கை வைத்தார்.

கிளம்பத்தான் வாரை இழுத்து மாட்டுகிறார் என்று நினைத்ததும் குல்ஷனுக்கு மானம், ரோஷம் எல்லாம் பறந்துவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு, முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல், அந்நிய ஆண் முன்னால் ஓடி வந்து நின்றாள்.

"அண்ணே, போயிடாதீங்க! இந்த மனுசன் பைத்தியத்துக்கு எம் பொண்ணு என்னண்ணே பண்ணுவா? வீட்ட இடிச்சுப்புடறோம். கையில காதுல கெடக்கறத வித்தாச்சும் மெத்த வீடு கட்டிடறோம். அவள வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். கரீம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடிக்காதீங்கம்மா" என்றார் அதாவுல்லா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசற்படி ஏறினார். உள்ளே வந்து, தகரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு விம்ம ஆரம்பித்தாள்.

தட்டிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவர் கரீமைப் பார்த்தார்.

"குவெட்டாவுல நீங்க எந்தத் தெரு, பாய்?"