கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி

"எண்பதைத் தாண்டினா காத்து ஹெல்மெட்டுல படபடன்னு அடிக்குது. ஒரு வார்த்தைகூட காதுல விழல, ஒரே பேஜாரு," என்றான் அன்புச்செல்வன். "நாளைக்குக் கன்னியாகுமரி கெளம்புறோம். போன டூர் மாதிரி ஒண்ணுமே பாக்காம திரும்பி வர முடியாது."

திண்டிவனம் மெக்கானிக் அலெக்ஸ், பைக்கின் முன்கண்ணாடி மேல் இன்னொரு சின்னக் கண்ணாடியை மாட்டினான். "இனிமே காத்து தலைக்கு மேல போயிடும் சார். ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க."

அன்புச்செல்வன் அதன் விளிம்பைத் தடவினான். "இன்னும் கொஞ்சம் தூக்கு."

அலெக்ஸ் தூக்கி வைத்து முடுக்கினான்.

அன்புச்செல்வனின் மனைவி ரோஜா வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். அவன் தன் வெள்ளைக் கம்பை மடக்கிப் பையில் வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தான்.

விழுப்புரம் ரோட்டில் வேகம் எண்பதைத் தாண்டியது.

"இப்பக் கேக்குதாங்க?"

"சூப்பரா கேக்குது. சொல்லு, என்ன தெரியுது?"

"கொல்லையில மல்லாட்டைச் செடியப் புடுங்கி, கடலை ஆய்ஞ்சிக்கினு இருக்காங்க. ஒரு பாப்பா நம்மளப் பாத்துக் கையாட்டுது."

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல."

அன்புச்செல்வன் இடப்பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி ஆட்டினான்.