ஆளுக்கொரு பட்டன்

“மூச்சுப் பேச்சில்லாமக் கெடக்குதுங்க. மூணு பேரும் உடனே வந்தாத் தேவலைங்க.”

ஆபீஸில் கணக்கெழுதும் ஜெனிதா மூன்று இடத்துக்குப் போன் போட்டு இதையே சொல்லிவிட்டு வைத்தாள். கால் மணி நேரத்தில் அண்ணன் தம்பி மூவரும் தனித்தனி வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே நுழைந்தார்கள்.

ஏ.சி. அறையின் நடுவில் கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் அம்பு பாதி வழியில் அசையாமல் நின்றிருந்தது.

“வேலையேதும் அழிஞ்சு போயிருச்சா அம்மணி?” என்றார் மூத்தவர் திருமலைசாமி.

“இல்லீங்க. நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எல்லாத்தையும் சேவ் பண்ணியிருந்தேனுங்க.”

“போன தடவையும் இப்பிடித்தான் தப்பிச்சுது. கெட்டிக்காரப் புள்ளை.”

அன்றைக்கென்று பார்த்து, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் மனோஜ்குமார் காந்திபுரத்திலிருந்து தூசி துடைக்க வந்திருந்தார். இந்தக் கம்பெனிக்குப் புதியவர்.

“ஹேங் ஆயிருக்குதுங்க, அவ்வளவுதான். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் ஒண்ணா அமுத்துனா எந்திரிச்சுக்கும்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கையெடுங்க தம்பி!” என்று மூன்று பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

“அதெல்லாம் அவங்கவங்க பாத்தியதைங்க. நீங்க தொடக் கூடாது” என்றாள் ஜெனிதா.

தொண்ணூற்றாறில் இந்தத் துடியலூர் பம்புசெட் கம்பெனி பாகம் பிரிந்தது. லேத் பட்டறை திருமலைசாமிக்கு. மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பகுதி நடுவில் பிறந்த வெள்ளியங்கிரிக்கு, வார்ப்படப் பட்டறை சின்னவர் காளிச்சாமிக்கு. இனி ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை என்று ஆத்திரத்தில் சொந்தபந்தம் முன்னால் சொல்லியும் விட்டார்கள். அதற்குப் பிறகு முதலில் இறங்கி வர எவருக்கும் மனசு வளையவில்லை.

கம்ப்யூட்டரை மட்டும் மூன்றாக அறுக்க முடியவில்லை. அது நின்றுபோனால் மூன்று பட்டன் அமுத்த வேண்டும் என்று கேள்விப்பட்ட தாய்மாமன், ஆளுக்கொன்றாகப் பிரித்து முத்திரைத்தாளில் எழுதிவிட்டார். கன்ட்ரோல் மூத்தவருக்கு, ஆல்ட் நடுவிலவருக்கு. “எனக்கு மட்டும் அழிக்கற பட்டனா?” என்று காளிச்சாமி அன்றைக்கு விருந்துச் சாப்பாட்டைத் தொடவேயில்லை.

ஆக, மூவருக்கும் பொதுவென்று மிச்சமிருப்பது இந்த ஒரு அறைதான். இதுவும் போனால் அவர்கள் சேர்ந்து நிற்பதற்கு யாராவது சாக வேண்டும்.

மூவரும் நெருக்கியடித்து நின்று விரலை வைத்தார்கள்.

“முழங்கை இடிக்குதுன்னு அவருகிட்டச் சொல்லு அம்மணி” என்றார் வெள்ளியங்கிரி, ஒட்டி நின்ற அண்ணனைப் பார்க்காமல்.

“சக்கரை மாத்திரை ஒழுங்காப் போடறானான்னு அவனைக் கேளு அம்மணி. ரொம்ப எளைச்சுட்டான்” என்றார் திருமலைசாமி திரையிடம்.

“பெரியவரு மகளுக்கு மாப்பிள்ளை ஏதாச்சும் அமைஞ்சுதான்னு கேளு கண்ணு” என்றார் காளிச்சாமி.

“பாத்துட்டிருக்கறோம்னு சொல்லு” என்றார் மூத்தவர்.

ஜெனிதா எதையும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவை அமுத்தினார்கள். திரை கறுத்து, ‘பீப்’ என்று ஒரு சத்தம் வந்து, கம்ப்யூட்டர் ஆற அமரப் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் யாரும் விரலை எடுக்கவில்லை. மறுபடியும் நின்றுபோனால் என்ன செய்வது என்று மூத்தவர் பொதுவாகச் சொல்ல, பேக்கரியிலிருந்து வந்த டீயை மூவரும் இடது கையில் வாங்கிக் குடித்தார்கள்.

மனோஜ்குமாருக்குப் பொறுக்கவில்லை.

“எதுக்குங்க இத்தனை சிரமம்? கூட ஒரு மெமரி போட்டுட்டா இனி நிக்கவே நிக்காதுங்க. நீங்க ஒருத்தருமே இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.”

“வேண்டாம்!”

மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டீ ததும்பி மேஜை நனைந்தது.

“புதுசா ஒண்ணைப் போட்டா அது யாரு பங்குல சேரும்?” என்றார் திருமலைசாமி அவசரமாக.

“மறுக்கா மொதல்ல இருந்து பாகம் பிரிக்கோணும்” என்றார் வெள்ளியங்கிரி.

“எப்பிடிப் பிரிச்சாலும் எனக்குத்தான் கொறையும்” என்றார் காளிச்சாமி.

மனோஜ்குமார் பிரஷ்ஷையும் துணியையும் பைக்குள் திணித்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு திசையில் வண்டியைத் திருப்பினார்கள்.

மூத்தவர் மட்டும் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக வாசலில் நின்றார். அப்புறம் மெதுவாக உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அம்மணி, சொன்னபடியே அருமையா நிறுத்திப்போட்டே. நாளைக்கும் இதே நேரத்துக்கு நிறுத்திப்போடு. தம்பிகளுக்கு மட்டும் தெரிஞ்சுறக் கூடாது, என்ற மானமே போயிரும்.”

ஜெனிதா சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கு நடு மொதலாளி சொல்லிவெச்சுட்டாருங்க, நாளான்னைக்குச் சின்ன மொதலாளி, உங்களுக்கு வெள்ளிக்கிழமை போட்டுக்கட்டுங்களா?”