டிராக்டர் தேறுமா?

“இன்னிக்கும் ஓடலையா, பிட்டரே?”

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றிருக்கும்போதே புஷ்பவல்லி கேட்டுவிட்டாள். ஜப்பான்காரன் உத்தரவுப்படி டோக்கியோ நேரம் காலை ஏழு மணி. சூரியனுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேராததால், மலாயாவில் கிள்ளான் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் ஒரே இருட்டு.

தோட்டத்து எந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் பக்கிரிசாமி தலையை ஆட்டினார். “எஞ்சின் பிடிச்சுக்கிச்சும்மா. பிஸ்டன் அசைய மாட்டேங்குது.”

“அது நிம்மதியா கொட்டகையில கிடக்குது. என் வீட்டுக்காரருக்குத்தான் இடுப்பு பிடிச்சுக்கிட்டு, ராத்திரியெல்லாம் முனகல்!”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது, ஏனென்றால் எல்லோருக்கும் இடுப்பு இருந்தது.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்லி ஜப்பான் அதிகாரியின் உத்தரவு. டிராக்டர் இருந்தால் சங்கிலி கட்டி அரை மணியில் இழுத்துவிடக்கூடிய அடிக்கட்டையை, ஆறு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு நாள் முழுக்கத் தோண்டினார்கள். மொத்தம் அறுபது ஆண்கள். வயிற்றில் இருப்பதும் மரவள்ளிதான்.

“பத்து நாளா அதைத் தடவிக்கிட்டே இருக்கியேய்யா,” என்றார் வேலை வாங்கும் மண்டோர் சின்னையா. “நீ நெசமாவே பிட்டர்தானா, இல்லே துரைக்குக் கார் தொடைச்சவனா?”

பக்கிரிசாமி கொட்டகைக்கு நடந்தார்.

அவர் தனி ஆள். வெந்த கிழங்கில் ஒரு துண்டை யாராவது அவருக்குக் கொடுத்தனுப்புவது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வழக்கமாக இருந்தது. ஒரு வாரமாக அதுவும் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. அவரே எதையோ வேகவைத்து, டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டார். கூட உட்கார அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

டிராக்டருக்கு அதிகாரி கொடுத்த கெடு அன்றோடு முடிகிறது. மதியத்துக்குள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கன்னையா அறிக்கை எழுதியாக வேண்டும். பழுது பார்க்கலாம், அல்லது பழைய இரும்புக்குப் போடலாம், இரண்டில் ஒன்று.

கன்னையாவுக்கு ஒரு குணம். உலகமே பற்றி எரிந்தாலும் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது. எஞ்சின் எண் என்றொரு கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளக் கொட்டகைக்குப் போனார்.

பிட்டர் கிணற்றடியில் இருந்தார். கன்னையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தகட்டில் எண் மங்கலாகத் தெரிந்தது. சரியாகப் பார்க்க, எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியில் கையை ஊன்றினார்.

கைப்பிடி சுற்றியது.

உள்ளே ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு. கன்னையா இன்னொரு முறை சுற்றினார். வெண்ணெய் போல் சுற்றியது.

வாசலில் வாளியோடு பக்கிரிசாமி.

“யோவ்! இது நல்லா இருக்கேய்யா!”

“நாலாம் நாளே பிடிப்பு விட்டுடுச்சு, ஐயா.”

“நாலாம் நாளா? ஆறு நாளா ஜனங்க சாவறாங்க. நீ இங்க குந்திக்கிட்டு வேடிக்கை பாக்கறியா? மனுசனாய்யா நீ? இப்பவே மண்டோரைக் கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்குங்க.” பக்கிரிசாமி வாளியைக் கீழே வைத்தார். “இங்க வர்றதுக்கு முன்னால ரவாங் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்தேன். அங்கயும் இப்படித்தான், எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. மூணே நாள்ல ஓட வெச்சேன். மாலையெல்லாம் போட்டாங்க. அடுத்த வாரம் ஜப்பான்காரன் வந்து பார்த்தான். டிராக்டர்தான் ஓடுதே, இத்தனை பேர் எதுக்குன்னான். எண்பது பேரை லோரியில ஏத்தி, சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பிட்டான். இன்னி வரைக்கும் ஒரு கடுதாசி வரல.”

வெளியே அடிக்கட்டையை அசைக்கிறவர்களின் கூச்சல் கேட்டது. கன்னையா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்புறம் எதுக்குய்யா இதைச் சரி பண்ணினே?”

“பழுதைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. ரெண்டு பிடி மணலை உள்ள போட்டா மறுபடி பிடிச்சுக்கும். இன்னிக்குப் போட்டுடறேன்.”

“லயத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாவம், அவங்க உன் மேல எச்சில் துப்பாத குறையா...”

“அறுபது பேரால நடிக்க முடியாது, ஐயா. அவங்க நெசமாவே திட்டினாத்தான் அந்த ஜப்பான்காரன் நம்புவான்.”

கன்னையா பேனாவைத் திறந்தார். ‘பழைய இரும்புக்கு’ என்று எழுதப் போனவர், பாதியில் நிறுத்தினார். படிவங்களோடு பழகியவருக்கு அடுத்த கட்டம் கண்ணில் பட்டுவிட்டது.

“டிராக்டரே இல்லாத தோட்டத்துக்குப் பிட்டர் எதுக்குன்னு கேப்பானேய்யா. அடுத்த லோரியில முதல் பேரு உன் பேருதான்.”

“தெரியும். எழுதுங்க.” பக்கிரிசாமி கந்தல் துணியை எடுத்து, கன்னையாவின் கை பட்ட இடத்தைத் துடைத்தார். “இங்கதான் யாரும் பேசறதில்ல. அங்க போனா, எனக்குத் தெரிஞ்ச முகம் எண்பது இருக்கும்.”