மூன்று குவளைத் தேத்தண்ணீர்

பாலோ ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், காய்ச்சலில் கிடக்கும் வீராச்சாமியின் தலைமாட்டில் அவன் மனைவி காளியம்மா மூன்று தகரக் குவளைகளை வைக்கிறாள். அவனுடையது லேசுப்பட்ட நாக்கா! ஒரே மடக்கில், எந்தக் கடைத் தேத்தண்ணீர், ஆற்றியவன் காலையில் பெண்டாட்டியிடம் அடிவாங்கினானா என்பது வரை சொல்லி, குளுவாங் டவுன் வரைக்கும் கடைக்காரர்களைக் கதிகலங்க வைத்த நாக்கு. “நாக்குக்கு ருசி திரும்பினாத்தான் பொழைப்பான்” என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நெற்றியில் கிடக்கும் ஈரத்துணியை அவன் கண்ணுக்கு இறக்கிவிடுகிறாள். கூரை ஓட்டை வழியே வெயில் அதன்மேல் விழுந்து ஆவி கிளம்புகிறது. முதல் குவளையை உறிஞ்சுகிறான். “சீனன் கடை. பாத்திரம் கழுவின தண்ணி.” அது டீக்கடை உதுமான் காக்கா இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த பால் டீ. இரண்டாவதுக்கு, “இதான் காக்கா கடை! இஞ்சி தொண்டையக் கிழிக்குது” என்கிறான். அதுதான் சீனன் கடைத் தேத்தண்ணீர். மூன்றாவதில் தேயிலையே இல்லை. கசப்பில் யானையையும் அழவைக்கும் கொய்னா, காய்ச்சல் மருந்து, அதை வெந்நீரில் கரைத்திருக்கிறாள். அவன் சப்புக்கொட்டுகிறான். “இது நீ போட்டது. சீனிய அள்ளிக் கொட்டிட்டியே, புள்ள. சரியா?” கேட்டுக்கொண்டே துணியை விலக்கி அவள் முகத்தையே பார்க்கிறான். காளியம்மா மிச்சக் கொய்னாவை ஒரே மடக்காக விழுங்கி, உதட்டையும் நக்கிக்கொள்கிறாள். “ஆமாங்க, சீனி கொஞ்சம் கூடித்தான் போச்சு.”