கோடாலி அலகில் குழிகள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காபியை நின்றபடியே குடித்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குப் போய்க் கைக்கோடாலியை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான்.

"விடிஞ்சும் விடியாம இந்த இரும்போட மல்லுக்கட்டுறியே, உன்கூட எவடா குடித்தனம் பண்ணுவா?" அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு பெண்ணின் போட்டோ.

"எனக்கு வேண்டாம்க்கா."

"உன் பொண்டாட்டியே சொல்லிட்டுத்தானே போனா? 'அவருக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வைங்க'ன்னு. அதுதான் அவ கடைசி வார்த்தை."

கோடாலியை மேஜைமேல் ஓங்கிப் போட்டான்.

"யாருகிட்ட சொன்னா? ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் ஸ்ட்ரெச்சர் கூடவே போனவன் நான். நீ வந்ததே எல்லாம் முடிஞ்ச பிறகு. செத்தவ வாயில உன் பேச்சைத் திணிக்காதே!"

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான்டா... அப்ப அவ என்னதான் சொன்னா?"

அவன் கோடாலியை மறுபடி கையில் எடுத்தான். துருப்பிடித்த கோடாலிகளை வாங்கிப் புதுசாக்குவது மனைவியின் பைத்தியம். அவனுக்கு ஆணி அடிக்கக்கூட வராது. இந்தக் கோடாலியை அவன் வாளியிலிருந்து எடுத்தபோது அவள் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அலகு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் சொன்னது இவ்வளவுதான்: "வினிகர்ல ஊறப்போட்ட கோடாலியை நாளைக்குக் காலையில எடுத்துடுங்க. மறந்தீங்கன்னா துருவைத் தின்னது போதாதுன்னு இரும்பையும் தின்னுடும்."