பூந்தொட்டியில் மாத்திரை

தணிகாசலத்தின் வயிற்றில் பெருந்தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்த பிறகு, ஆறு வருடமாக வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "கோவம் வந்தா நரம்பு வெடிச்சிடும்" என்று மிரட்டியே மகளின் காதலை முறித்தார்.

புதிதாக வந்த மாத்திரை, ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் நொதியைத் தடுத்தது. "வீக்கம் அப்படியே நின்னுடுச்சு. மாத்திரைய மட்டும் விடாதீங்க, பயமே இல்ல," என்றார் டாக்டர். தணிகாசலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மறுவாரம், அவர் துப்பிய மாத்திரைகளைப் பூந்தொட்டி மண்ணில் பார்த்தாள் மனைவி அமிர்தவல்லி. அதிகாரம் போய்விடுமென்று உயிரையே பணயம் வைக்கிற மனுஷன்! இவ்வளவு அற்பனுக்கா இத்தனை நாள் நடுங்கினோம்?

புது மாத்திரையை அவர் வாயில் திணித்தாள்.

"முழுங்குங்க. நான் பேசப்போறதையெல்லாம் கேக்க நீங்க உயிரோட இருக்கணும்."